பஞ்சு பிரிந்தால்தான் நூல் சேரும்

கோவை வட்டார மில்களில் 40-ஆம் நம்பர் நூல் அன்றாடச் சரக்கு. அதில் ஒரு கிலோவை எடுத்து நீளவாக்கில் பிரித்துக்கொண்டே போனால் ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வரும். கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போகிற தூரம். அவ்வளவு நீளத்திலும் எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் வெட்டுமுகத்தில் எண்பத்தைந்து, தொண்ணூறு பருத்தி இழைகளை ஒட்டி இருக்க வேண்டும். ஓரிடத்தில் அறுபதுதான் இருக்கிறது என்றால் தறியில் நூல் அங்கே அறும். இன்னோரிடத்தில் நூற்றிருபது சேர்ந்துவிட்டால் துணியில் தடித்த வரி விழும்.

ஒரு பருத்தி இழையின் நீளம் 3 சென்டிமீட்டர் அளவுதான். தடிமன் தலைமுடியில் நாலில் ஒரு பங்கு. ஒரு கிலோ நூலுக்குள் இப்படிப்பட்ட இழைகள் சுமார் 20 கோடி இருக்கின்றன. இத்தனை கோடித் துண்டுகளும் இடத்துக்கு இடம் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வந்து உட்காருவது எப்படி? இராட்டையோ ஸ்பின்னிங் எந்திரமோ அதைச் செய்வதில்லை. அவை இழுத்து முறுக்குகின்றன, அவ்வளவுதான். நூல் சீராக வருமா, முண்டும் முடிச்சுமாக வருமா என்பது அதற்கு முன்னாலேயே, பஞ்சை ஒவ்வோர் இழையாகப் பிரிக்கிற வேலையில் முடிவாகிவிடுகிறது. கையால் செய்தாலும் எந்திரத்தால் செய்தாலும் மில் பேச்சில் அதற்குப் பெயர் கார்டிங்.

இராட்டை ஒரு காலத்தில் தேசியக் கொடியிலேயே ஏறியது. பஞ்சு கொட்டுகிறவரின் வில்லுக்கு அந்த வாழ்வு வாய்க்கவில்லை. நூற்பைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிற கொங்கு நாட்டிலும் கார்டிங்கைப் பற்றி மில்லுக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. இந்த வேலையின் அறிவியலைத் தெரிந்துகொண்டால் இராட்டையையும் சரியாகப் புரிந்துகொள்ளலாம், நாம் உடுத்தும் துணியையும் சரியாகப் பார்க்கலாம்.

கட்டியும் தனி இழையும்

செடியில் வெடித்த பருத்தியைப் பறித்து, கொட்டை நீக்கி, பொதியாக அழுத்திக் கட்டி விடுகிறார்கள். பொதியைப் பிரிக்கும்போது பஞ்சு கட்டி கட்டியாக வருகிறது. ஒவ்வொரு கட்டியிலும் இழைகள் எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். இலைத் தூள், கொட்டை ஓடு, மண் எல்லாம் இடையில் ஒட்டியிருக்கும். அப்படியே இராட்டையில் பிடித்து இழுத்தால் தனி இழைக்குப் பதிலாகக் கொத்துதான் நகரும்.

கொத்தாக நகர்ந்தால் என்ன கெட்டுவிடும்? இதற்குக் கணக்கு ஒன்று உண்டு. 1945-இல் மார்ட்டின்டேல் என்ற ஆய்வாளர் நூலின் சீர்மைக்கு ஓர் எல்லையை வகுத்துக் காட்டினார். இழைகள் முற்றிலும் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நூலுக்குள் வந்து விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையிலும் எண்ணிக்கை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. சராசரி எவ்வளவோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். சராசரி 87 இழை என்றால், ஒன்பது கூடலாம், ஒன்பது குறையலாம். இதுதான் இயற்கை தருகிற மிகச் சிறந்த நூல். எந்த எந்திரமானாலும் இழைகள் இப்படித் தற்செயலாக வந்து விழும் வரை இதைத் தாண்ட முடியாது.

இப்போது பஞ்சு சரியாகப் பிரியாமல் இழைகள் நாலு நாலாக ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 87 இழை என்பது 22 கொத்தாகிவிடுகிறது. 22-இன் வர்க்கமூலம் 4.7. அதாவது ஐந்து கொத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும், குறையும். இழைக் கணக்கில் அது 19. ஒன்பதாக இருந்த ஏற்ற இறக்கம் பத்தொன்பதாகிவிட்டது. நூற்பவரின் விரல் எவ்வளவு தேர்ந்ததானாலும் இந்த இரட்டிப்பைச் சரிசெய்ய வழியில்லை. ஒட்டியிருக்கும் நாலு இழையைப் பிரித்து வைப்பதுதான் ஒரே வழி. கார்டிங் நடப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். அழுக்கு நீங்குவதும் இழைகள் ஒரு திசையில் படிவதும் அதோடு சேர்ந்து கிடைக்கும் பலன்கள்.

பிரிக்கும் வேலைக்கு உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. பின்னிக் கிடக்கும் இழைகளைப் பிரிக்க விசை வேண்டும். அதே விசை அளவு மீறினால் இழையை அறுத்துவிடும். அறுந்த துண்டு குட்டையாகும். குட்டை இழை அதிகமானால் நூலின் பலம் குறையும், பிசிறு கூடும். ஆகவே கார்டிங்கின் கலை முழுவதும், எவ்வளவு குறைந்த விசையில் எவ்வளவு முழுமையாகப் பிரிப்பது என்பதில் அடங்கியிருக்கிறது. கை வேலையிலும் எந்திரத்திலும் கேள்வி ஒன்றேதான்.

வில் செய்வது என்ன?

நம் நாட்டில் இதற்குக் கண்ட பழைய விடை வில். நற்றிணைப் பாட்டு ஒன்றில், காற்று மோதிச் சிதறும் அலைப் பிசிருக்கு வில்லால் அடித்த பஞ்சு உவமையாக வருகிறது. அதைப் பாடியவர் பஞ்சு கொட்டும் இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். நரம்பு கட்டிய நீண்ட வில், நரம்பைத் தட்டி இழுத்து விட ஒரு மரக்கட்டை. கருவி அவ்வளவுதான். மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு அடித்துக் கொடுக்க இந்த வில்லைத் தோளில் சுமந்து, நரம்பைச் சுண்டி ஒலி எழுப்பியபடி தெருவில் போனவர்களை வயதானவர்கள் பலருக்கும் நினைவிருக்கும்.

நரம்பு ஒவ்வொரு தட்டலுக்கும் அதிர்கிறது. அதில் தொற்றிக்கொண்ட இழைகள் அதே வேகத்தில் முன்னும் பின்னும் உலுக்கப்படுகின்றன. இழை லேசானது, நரம்போடு போகும். அதில் ஒட்டிய கொட்டை ஓடும் மண்ணும் எடை கூடியவை, அந்த உலுக்கலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கழன்று கீழே விழுகின்றன. பிரிந்த இழைகளுக்கு இடையே காற்றுப் புகுந்து பஞ்சு பொங்கி எழுகிறது. வில் எதையும் குத்தி இழுப்பதில்லை, அதனால் இழை அறுவது குறைவு. ஆனால் இழைகளை ஒரு திசையில் படுக்க வைப்பதும் அதனால் ஆகாது. கொட்டிய பஞ்சைக் குச்சியில் சுற்றி உருட்டி, நூற்பதற்கான பட்டை போடும்போதுதான் ஓரளவு ஒழுங்கு வருகிறது.

கொட்டுவதற்கு முன்னால் பஞ்சை வெயிலில் காயப் போடுவது வழக்கம். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஈரமேறிய இழைகள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டும், அடித்தால் பிரியாமல் சுருண்டு முடிச்சாகும். காய்ந்த இழை விறைப்பாக நின்று துள்ளிப் பிரியும். நூற்கும்போது நிலைமை தலைகீழ். பருத்தி இழைக்கு ஈரம் பட்டால் பலம் கூடும், வறண்ட காற்றில் நூல் அடிக்கடி அறும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கு வரும் ஈரக்காற்று நூற்புக்கு ஏற்றது என்று சொல்வதன் பொருள் இதுதான். மில்களிலும் கார்டிங் பகுதியை ஸ்பின்னிங் பகுதியைவிடச் சற்று வறண்ட காற்றில் வைத்திருப்பார்கள்.

எல்லாப் பஞ்சும் நூலாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மெத்தைக்குப் போகும் இலவம்பஞ்சு பருத்தியைவிட மென்மையானது, பளபளப்பானது. ஆனாலும் அதைத் தனியாக நூற்க முடியவில்லை. இலவ இழை வழவழப்பான வெறுங்குழாய். பருத்தி இழையோ காய் வெடித்துக் காய்கிறபோது உள்ளிருக்கும் நீர் வற்றி, தட்டையாகி, ரிப்பன்போல் முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கை முறுக்குகள்தான் ஓர் இழையை இன்னோர் இழை பற்றிக்கொள்ள உதவுகின்றன. அவை இல்லாத இலவம்பஞ்சை எப்படி வாரினாலும் முறுக்கியதும் நழுவிவிடும்.

இரண்டு பலகைகள்

பஞ்சை வாருவதற்கு, அதாவது கம்பிப் பற்களால் இழுத்துப் பிரிப்பதற்குக் கையால் பயன்படுத்தும் கருவி, பிடி வைத்த இரண்டு மரப் பலகைகள். பலகையின் முகத்தில் தோல் அல்லது ரப்பர் பரப்பில் நெருக்கமாகக் கம்பி நட்டிருக்கும். ஒவ்வொரு கம்பியும் நடுவில் முழங்காலைப்போல் மடங்கி, பிடியின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆட்டு மயிருக்கான பலகையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 72 முனை என்பது பரவலான அளவு. பருத்தி இழை மெல்லியது என்பதால் அதற்கு 100-க்கு மேல் வேண்டும்.

இடது கைப் பலகையை மடியில் மல்லாக்க வைத்து, அதன்மேல் பஞ்சை மிக மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். கம்பி முனைகள் பஞ்சுக்கு ஊடாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவே போதும். அதற்கு மேல் ஏற்றினால் நடுவிலிருக்கும் பஞ்சைக் கம்பி தொடாது. வலது கைப் பலகையைக் கவிழ்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து தொடங்கி மெல்ல இழுக்க வேண்டும். இரண்டு பலகையின் கம்பிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகக் கூடாது. முனைக்கு மேல் முனை உரசிப் போகிற இடைவெளிதான் சரி. இந்த நிலையில் இரண்டு பக்கக் கம்பிகளும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். நடுவில் அகப்பட்ட கட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மறு பக்கம் இழுக்கிறது. கட்டி இரண்டாகப் பிரிந்து பாதி இதிலும் பாதி அதிலும் நிற்கிறது. அடுத்த இழுப்பில் ஒவ்வொரு பாதியும் மறுபடி பாதியாகிறது. பத்துப் பன்னிரண்டு இழுப்புக்குள் கட்டி என்று ஒன்றும் மிஞ்சாது.

பிறகு ஒரு பலகையைத் திருப்பிப் பிடித்து இழுத்தால், இப்போது இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் பஞ்சு முழுதும் ஒரு பலகையிலிருந்து அப்படியே கழன்று வந்துவிடும். எதிரெதிர் முனையானால் பிரிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த முனையானால் கழற்றல். இந்த இரண்டு அசைவைப் புரிந்துகொண்டவருக்கு உலகத்திலுள்ள எந்தக் கார்டிங் எந்திரமும் புரிந்துவிடும். கழன்று வந்த படலத்தைக் குச்சியில் சுருட்டினால் நூற்கத் தயாரான பட்டை.

சரியாக வாருகிறோமா என்பதைக் காதே சொல்லும். மெல்லிய உராய்வு ஒலி மட்டும் கேட்க வேண்டும். கிழிகிற ஒலி கேட்டால் இழை அறுகிறது, கம்பி ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். ஆனமட்டும் வாரினால் நல்லதுதானே என்று நினைத்து ஐம்பது முறை இழுத்தாலும் தவறு. பிரிந்த இழைகள் மறுபடி சுருண்டு கடுகைவிடச் சிறிய முடிச்சுகளாகும். மில்லில் இதை நெப் என்பார்கள். நெப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பல இழைகள் பந்தாகச் சிக்கியிருப்பது தெரியும். அவற்றில் பல முற்றாத இழைகள். காய் முழுதாக விளையாமல் சுவர் மெல்லியதாக நின்றுபோனவை. விறைப்பு இல்லாததால் எளிதில் சுருளும். சாயமும் சரியாக ஏற்காது. திருப்பூரில் கருநீலத்தில் சாயமேற்றிய பனியன் துணியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் குற்றம் பெரும்பாலும் சாயப் பட்டறையில் இருக்காது. வயலில் தொடங்கி, கார்டிங்கில் நீங்காமல் தப்பி வந்த நெப் அது.

வாருவதற்கு மேலே ஒரு படி, சீவுதல். இழைகளை நேராக்குவதோடு குட்டையானவற்றை நீக்கியும் விடுகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரு கதரில் இதற்கு வாளை மீனின் தாடையெலும்பைப் பயன்படுத்துகிறார்கள். நெருக்கமான நுண்பற்கள் வரிசையாக நிற்கும் அந்தத் தாடையால் பருத்தியைக் கொட்டையோடு சீவி எடுக்கிறார்கள். டாக்கா மஸ்லினுக்கும் இதே மீனின் தாடைதான் பயன்பட்டது. மிக மெல்லிய நூல் எடுத்த இரண்டு ஊர்களிலும் நூற்பவர்கள் இந்த முன்வேலைக்கு அவ்வளவு பொறுமை செலவழித்திருக்கிறார்கள்.

நம் ஆட்டு மயிர்

பருத்தியை விட்டுக் கம்பளிக்கு வருவோம். கொங்கு நாட்டில் ஆடு என்றால் மேச்சேரி ஆடு முதலில் நினைவுக்கு வரும். அது கறிக்கும் தோலுக்கும் பேர் பெற்றது, உடம்பில் குட்டை மயிர்தான், நூற்கத் தகுந்த கம்பளி கிடையாது. குரும்பை என்று வழங்கும் கோயம்புத்தூர் இன ஆட்டுக்குக் கம்பளி உண்டு. ஆனால் கரடு. இழைத் தடிமன் 40 மைக்ரான் அளவில் இருக்கும். மெரினோ ஆட்டின் இழை 20 மைக்ரானை ஒட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகியவற்றைக் கலந்து உருவானதுதான் நீலகிரி ஆடு. மென்மையான கம்பளிக்குத் தென்னாட்டில் பேர் பெற்றது அதுதான். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் அந்த இனத்தைப் பேணும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கம்பளியை வாருவது பருத்தியை வாருவதைப் போன்றதல்ல. பருத்தி செல்லுலோஸ், கம்பளி கெரட்டின் என்ற புரதம். கம்பளி இழையின் மேல் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த் திசையில் பிடிக்கும். சூடான தண்ணீரில் கசக்கினால் இழைகள் ஒரு பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, திரும்பி வர முடியாமல் இறுகிவிடும். கம்பளியைக் கசக்காமல், வெந்நீரில் மெல்ல அமிழ்த்தி அலசி எடுக்க வேண்டும் என்பது இதனால்தான். மயிரோடு ஒட்டிய கொழுப்பும் வியர்வை உப்பும் போன பிறகு, வாருவதற்கு முன் துளி எண்ணெய் தெளிப்பார்கள். எண்ணெய் இல்லாமல் வறண்டிருந்தால் இழை உரசி மின்னேற்றம் ஏறி ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும், அறுந்தும் போகும்.

ஈரத்திலும் பருத்திக்கு நேர் எதிர். நனைந்தால் பருத்திக்குப் பலம் கூடும், கம்பளிக்குக் குறையும். இன்னொரு வேறுபாடு இழையின் அலைவு. நல்ல கம்பளி இழை நெளிநெளியாக இருக்கும். அந்த நெளிவுகளுக்கிடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. இழைகளை மிகவும் நேராக்கிச் சீவினால் வழவழப்பான சூட்டுத் துணி நூல் கிடைக்கும். வாரி மட்டும் விட்டு, இழைகள் ஓரளவு கலைந்தே இருக்கும்படி சுருட்டி நூற்றால் பொதபொதப்பான, கதகதப்பான கம்பளி நூல் கிடைக்கும். தக்காணத்து ஆட்டிடையர்கள் கரடான மயிரை வில்லால் கொட்டி நூற்றுக் கம்பளி நெய்ததில் இந்தப் பொருத்தம் இருக்கிறது. மழைக்கும் பனிக்கும் போர்த்துகிற துணிக்கு அந்த அளவு பிரிப்பே போதும்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நாரை எடுத்துக்கொண்டால் அது இன்னொரு துருவம். பருத்தியைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடித்தது, லிக்னின் நிறைந்து விறைப்பாக இருப்பது. அதற்குக் கம்பிப் பலகை தேவையில்லை. நார்ச்சோறு போகும்படி உதறித் தட்டினாலே திரிக்கலாம். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குப் பிரிக்கும் வேலை நுட்பமாக வேண்டும் என்பதற்கு இந்த மூன்றும் சாட்சி.

மில்லுக்குள்

இங்கிலாந்தில் 1748-இல் லூயிஸ் பால், டேனியல் போர்ன் இருவரும் தனித்தனியாகக் கார்டிங் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். தட்டைப் பலகையின் கம்பிகளை உருளையின்மேல் சுற்றி, கையசைவைச் சுழற்சியாக மாற்றியதுதான் அவர்கள் கண்ட புதுமை. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோவையின் முதல் பஞ்சாலை எழுந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. 1956-இல் பஞ்சாலை ஆராய்ச்சிக்காக சிட்ரா நிறுவப்பட்டது. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இன்று கார்டிங் எந்திரங்களைக் கோவையிலேயே செய்கிறது.

எந்திரத்துக்குள் நடப்பது அதே இரண்டு அசைவுதான். லிக்கர்-இன் என்ற ரம்பப் பல் உருளை பஞ்சுப் படலத்தைப் பிய்த்து எடுக்கிறது. அதிலிருந்து பெரிய சிலிண்டர் பஞ்சைக் கழற்றிக்கொள்கிறது. சிலிண்டருக்கு மேலே பிளாட் என்ற கம்பிப் பட்டைகள் வரிசையாக நிற்கின்றன. சிலிண்டர் முனையும் பிளாட் முனையும் எதிரெதிர். பிரிப்பு இங்கே நடக்கிறது. நெப்பில் பெரும்பகுதியும் குட்டை இழைகளும் பிளாட்டில் தங்கி வெளியேறுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவுதான். சுமார் 1.3 மீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் நிமிடத்துக்கு 450 சுற்று சுற்றினால் அதன் மேற்பரப்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில், அந்த இடைவெளியில், மூன்று சென்டிமீட்டர் இழை அறாமல் வெளியே வர வேண்டும். கேஜ் வைத்து இடைவெளி பார்க்கும் ஃபிட்டரின் கையில்தான் நூலின் தரம் இருக்கிறது.

கடைசியில் டாஃபர் என்ற உருளை இழைகளைச் சேகரிக்கிறது. அதிலிருந்து கழன்று வரும் படலம் எதிர்ப்பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியது. அதை ஒரு குழல்வாய் வழியே குவித்து இழுத்தால் கையால் போடும் பட்டைக்கு ஈடான ஸ்லைவர். ஒரு மீட்டர் 5 கிராம் எடையுள்ள ஸ்லைவரின் வெட்டுமுகத்தில் ஏறத்தாழ 30,000 இழைகள் இருக்கும். இதைப் படிப்படியாக இழுத்து மெலிய வைத்து 87 இழைக்குக் கொண்டுவருவதே மீதி வேலை.

வேகமான சிலிண்டரிலிருந்து மெதுவான டாஃபருக்கு மாறும்போது பல இழைகளின் நுனி கொக்கிபோல் மடங்கிவிடுகிறது. பெரும்பாலும் வால்பக்கம்தான் மடங்கும். ஸ்லைவரைக் கேனில் இறக்கி அடுத்த எந்திரத்தில் ஏற்றும்போது கடைசியாக விழுந்தது முதலில் போகிறது, வால் தலையாகிறது. சீவுகிற வேலையைச் செய்யும் சீப்பு எந்திரம் தலைப்பக்கக் கொக்கியை நன்றாக நிமிர்த்தும். ஆகவே கார்டிங்குக்கும் சீப்பு எந்திரத்துக்கும் நடுவே இரட்டைப்படை எண்ணிக்கையில் எந்திரங்களை வைப்பார்கள். சீவாத நூலானால் கார்டிங்குக்கும் ஸ்பின்னிங்குக்கும் நடுவே ஒற்றைப்படை. மில்லின் வரிசையமைப்பையே ஒரு சின்னக் கொக்கி தீர்மானிக்கிறது.

பருத்தியின் ரகமும் இங்கே பேசும். கோவை மண்ணில் விளைந்த கருங்கண்ணி குட்டை இழை, வறட்சி தாங்கும் திறன் உண்டு. 1968-இல் வந்த எம்.சி.யு. 5, 1974-இல் கோவைப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் தந்த சுவின் ஆகியவை நீள இழை ரகங்கள். சுவின் 100-ஆம் நம்பருக்கு மேலும் மெல்லியதாக நூற்கக் கூடியது. இழை நீண்டு மெலிய மெலிய நெப் எளிதில் விழும் என்பதால் அவற்றை மெதுவாகத்தான் கார்டிங் செய்ய வேண்டும். இன்னொரு கோடியில், திருப்பூர்ப் பனியன் வெட்டுத் துண்டுகளைப் பிய்த்து மறுபடி பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் நூற்கிறார்கள். பிய்க்கும்போதே இழை குட்டையாகிவிடும். ஓ.இ. எந்திரத்தின் ஒவ்வொரு வாயிலும் சிறிய ரம்பப் பல் உருளை ஒன்று ஸ்லைவரை மீண்டும் தனி இழையாக்கித் தருவதால் அந்தக் குட்டை இழையும் நூலாகிறது. அங்கேயும் காப்பாற்றுவது கார்டிங்தான்.

தூசு

இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. பஞ்சைப் பிரிக்கும்போது பறக்கும் நுண்தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். மில்லில் அதிகத் தூசு பறப்பது, பொதியைப் பிரிக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். வாரம் போகப் போகக் குறையும். தொடக்கத்தில் நோயின் அடையாளம் இதுதான். பருத்தி இலைத் தூளில் வாழும் பாக்டீரியாவின் நச்சு இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொழிற்சாலைகள் சட்டம் 1948 இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. எந்திரத்தை மூடித் தூசை உறிஞ்சி எடுப்பது, முகக்கவசம், காலமுறை நுரையீரல் சோதனை ஆகிய மூன்றும் இருந்தால் தடுக்கலாம். வீட்டில் கையால் வாருகிறவர்களும் காற்றோட்டமான இடத்தில், மூக்கை மூடிக்கொண்டு வாருவதே நல்லது.

கதரில் விட்டுப்போன கண்ணி

காந்தியின் முயற்சியில் இராட்டை ஓடத் தொடங்கியபோது பட்டை மில்லிலிருந்துதான் வந்தது. அது அவருக்கு உவப்பாக இல்லை. மில் பட்டையை வாங்குவதென்றால் மில் நூலையே வாங்கலாமே என்று எண்ணினார். இந்த முயற்சியில் அவருக்கு உதவிய கங்காபென் மஜ்மூதார் பஞ்சு கொட்டுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவர் மாதம் 35 ரூபாய் கேட்டார். எந்த விலையும் அதிகமில்லை என்று எண்ணியதைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கொட்டிய பஞ்சில் பட்டை போட இளைஞர்கள் சிலரைக் கங்காபென் பழக்கினார். கொங்கு மண்ணிலும் 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திருப்பூர் கதர் வணிகத்தின் பெரிய மையமானது. பின்னாளில் தமிழகத்தின் ஏகாம்பரநாதன் கண்டுபிடித்த அம்பர் சர்க்கா பல கதிர்களைக் கொண்டு நூற்பின் வேகத்தைக் கூட்டியது.

வேகம் கூடியதும் கையால் கொட்டிய பஞ்சு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பல கதிர்களுக்கு ஒரே சீரான பட்டை வேண்டும். ஆகவே கதர் கிராமத் தொழில் ஆணையம் கர்நாடகத்தின் சித்ரதுர்கா, கேரளத்தின் குற்றூர் போன்ற இடங்களில் மத்திய ஸ்லைவர் ஆலைகளை நிறுவியது. இன்று கதர் நூற்பவருக்குப் பெரும்பாலும் எந்திரத்தில் கார்டிங் ஆன பஞ்சே கைக்கு வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சீரான பட்டை கிடைத்ததால் நூற்பவரின் கூலி உயர்ந்தது, நூல் அறுவது குறைந்தது. ஆனால் உள்ளூர்ப் பருத்தியை உள்ளூரிலேயே நூலாக்கும் சங்கிலியில் நடுக் கண்ணி விட்டுப்போனது. கருங்கண்ணியை மறுபடி பயிரிட விரும்பும் உழவருக்கும், கையால் நூற்க விரும்பும் இளைஞருக்கும் இடையே இன்று இல்லாதது ஒரு சின்னக் கார்டிங் வசதிதான்.

இராட்டை சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளுக்கும் சர்வோதய சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பாடத்தை இராட்டையில் தொடங்காதீர்கள். பிள்ளைகள் கையில் கொட்டையெடுத்த ஒரு பிடி பருத்தியையும் இரண்டு கம்பிப் பலகைகளையும் கொடுங்கள். வாராத பஞ்சில் ஒரு பட்டையும் வாரிய பஞ்சில் ஒரு பட்டையும் போட்டு, இரண்டையும் அடுத்தடுத்து நூற்கச் சொல்லுங்கள். எது ஏன் அறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கோவையில் கார்டிங் எந்திரம் செய்யும் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பருத்தி விதைத்த அனுபவம் இருக்கிறது. ஒரு கிராமத்துக்குப் போதுமான, தூசு பறக்காத, விலை குறைந்த கார்டிங் கருவியை இந்த ஊர் நினைத்தால் செய்து தர முடியும். செய்து தர வேண்டும்.